பொய் சொல்லாத மேட்

மார்ச் 23, ஞாயிறு

இன்றைக்குக் கடை லீவு. இரண்டு பேண்ட்டுக்குக் கீழ்மடிப்பு பாக்கி, ஒரு கோட்டுக்குக் கை சுருக்க வேண்டும். ஊசியைப் பிடிக்கவே மனசில்லை. எல்லாம் இவரால்.

நேற்று சம்பந்தி வீட்டாரோடு முதல் சந்திப்பு. தேஜொன் நகரில் நல்ல உணவகம், தனி அறை. தட்டுத் தட்டாக வந்துகொண்டே இருந்தது, பேச்சு மட்டும் வரவில்லை. மாப்பிள்ளை யுன்ஜேயின் அப்பா அம்மா இருவரும் மருந்துக்கடை நடத்துகிறவர்கள். அந்த அம்மா கரண்டியைக்கூடச் சத்தம் வராமல் வைக்கிறார். என் மகள் சேபோம் மேசைக்கடியில் என் காலை இரண்டு தரம் மிதித்தாள். எதற்கென்று இன்னும் தெரியவில்லை.

அந்த அம்மா வாரக்கடைசியில் கோல்ஃப் ஆடுவதுண்டு என்று சொன்னதுதான் தாமதம், இவர் சோஜு மதுக் கிண்ணத்தை வைத்துவிட்டு, "எங்க வீட்டம்மாவும் ஆடுவாங்க. எழுபத்தெட்டு!" என்றார்.

மேசையே நிமிர்ந்தது. பதினெட்டுக் குழிக்கும் சேர்த்து எத்தனை அடி என்பதுதான் கணக்கு. குறையக் குறையப் பெருமை. நூறுக்குக் கீழே வரவே ஜனங்கள் வருஷக்கணக்காகத் தவிக்கிறார்கள். எழுபத்தெட்டு என்றால் ஊரே பேர் சொல்லும்.

பொய்யும் இல்லை. நான் எழுபத்தெட்டு அடிக்கிறவள்தான். எங்கள் வீட்டுக் கீழ்த்தளத்தில், ரப்பர் மேட் விரிப்பில் நின்று, திரையில் தெரிகிற மைதானத்தைப் பார்த்து. நிஜப் புல்லை இந்தக் கால் மிதித்ததே இல்லை. அதைச் சொல்ல வாயைத் திறந்தேன். அந்த அம்மா அத்தனை மரியாதையாக என்னைப் பார்த்தார். மூடிக்கொண்டேன்.

மார்ச் 25, செவ்வாய்

பயந்தது நடந்துவிட்டது. சம்பந்தியம்மா போன். "கல்யாண வேலை ஆரம்பிக்கிறதுக்கு முன்னால ஒருநாள் சேர்ந்து ஆடிடலாமே, சம்பந்தியம்மா. மே கடைசியில மைதானத்துல இடம் போட்டுட்டேன். நாங்க ரெண்டு பேர், நீங்க, பையன். நாலு பேர் சரியா இருக்கு."

"ரொம்ப சந்தோஷம்ங்க" என்றேன். யார் வாய் அது? என்னுடையதா?

இவருக்கு முதுகுவலி, ஆடமுடியாது. வாய்க்கு மட்டும் ஒரு வலியும் வரமாட்டேன் என்கிறது.

மார்ச் 29, சனி

கீழ்த்தளத்தில் குடியிருந்தவர்கள் காலி செய்தபோது, மூடிப்போன ஒரு ஸ்க்ரீன் கோல்ஃப் கடையிலிருந்து இவர் வாங்கிவந்து போட்டதுதான் அந்தத் திரை எந்திரம். ஒரே மாதத்தில் முதுகு பிடித்துக்கொண்டது, மட்டை என் கைக்கு வந்தது. அதோடு வந்த மேட், அடி வாங்கி வாங்கி நடுவில் மொட்டை. கட்டாந்தரையில் அடிப்பதுபோல வலி முழங்கைவரை ஏறுகிறது. கத்திரிக்கோல் பிடிக்கிற கை. இதை நம்பித்தான் கடை.

சரி, புது மேட் வாங்குவோம், மே மாதம் வரைக்கும் மூச்சுவிடாமல் பழகுவோம் என்று கிளம்பினோம். மேட் விற்கிற கடை என்று நினைத்துப் போனால் மேட்டுக்கென்றே ஒரு கிடங்கு! அடித்துப் பார்த்து வாங்கலாம். முதலாவது, கெட்டி ரப்பர், மேலே குட்டைப் புல். பழசின் தம்பி. இரண்டாவது, புல்லுக்குக் கீழே ஜெல் வைத்தது. மெத்துமெத்தென்று கை நோகவே இல்லை, பந்து பாய்கிறது. மூன்றாவது, பிரஷ்ஷைக் கவிழ்த்துவைத்த மாதிரி நார்கள் நெட்டுக்கு நிற்கிற ஒன்று. அதில் அடித்தேன், பந்து சோம்பேறி மாதிரி உருண்டு நின்றது.

"இது மட்டமான சரக்கு போல. அந்த மெத்தையையே எடு" என்றார் இவர். எனக்கும் அதுதான் பிடித்தது. எடுத்தாயிற்று.

மார்ச் 31, திங்கள்

எழுபத்தாறு! கையும் வலிக்கவில்லை. வரட்டும் மே.

ஏப்ரல் 5, சனி

எழுதவே வெட்கமாக இருக்கிறது. எழுதித் தொலைக்கிறேன்.

இன்றைக்கு ஹன்ஷிக், முன்னோர் சமாதியைச் சீர்செய்து கும்பிடுகிற நாள். மாமனார் சமாதிக்குப் புதுப் புல் பதிக்கப் போனோம். குளிர்காலத்தில் சமாதி மண்மேட்டின் ஒரு பக்கம் சரிந்திருந்தது. கொண்டுபோன புல்துண்டுகளைப் பதித்து, மிதித்து, மது ஊற்றி, கும்பிட்டு எல்லாம் முடிந்தது. அப்போதுதான் இவர் கார் டிக்கியைத் திறந்தார். உள்ளே என் ஏழாம் நம்பர் மட்டை!

"இங்கதான் நிஜப் புல் இருக்கு, மனுஷ நடமாட்டமும் இல்ல. ஒரே ஒரு தரம் அடிச்சுப் பாரேன். அப்பா ஒண்ணும் சொல்லமாட்டார்."

"உங்களுக்குப் பைத்தியமா?" என்றேன். ஆனால் கை அரித்தது. சமாதிக்கு நாலு எட்டு தள்ளி, பழைய புல் அடர்ந்த இடத்தில் பந்தை வைத்தேன். வீட்டில் வீசுவதுபோலவே வீசினேன்.

பந்து வைத்த இடத்திலேயே இருந்தது. அதற்கு முன்னாலேயே மட்டை மண்ணுக்குள் இறங்கி, உள்ளங்கை அகலத்துக்குப் புல்லோடு ஒரு மண்கட்டியைப் பெயர்த்துக்கொண்டுபோய், மாமனாரின் சமாதிக்கு முன்னாலிருந்த படையல் கல்மேசைமேல், அப்போதுதான் வைத்த பேரிக்காய்க்குப் பக்கத்தில் போட்டது.

பிறகு இவர் ஓடிப்போய் அந்தக் கட்டியை எடுத்து ஓட்டையில் அமுக்கி, மிதித்து, சமாதிக்கு முன்னால் விழுந்து இரண்டு தரம் கும்பிட்டார். "அப்பா, மருமகளை மன்னிச்சுடுங்க. சம்பந்தி வீட்டு நெருக்கடி."

காரில் வரும்போது சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர். வீடு நெருங்க நெருங்க அது அழுகையாகிவிட்டது. எழுபத்தாறு எங்கே? என் எழுபத்தாறு எங்கே போயிற்று?

ஏப்ரல் 7, திங்கள்

கண்டுபிடித்துவிட்டேன்.

காலையில் ஒரு பாவாடையில் கோடு போட்டுக்கொண்டிருந்தபோதுதான் தோன்றியது. தையல் சாக்கட்டியை எடுத்துக்கொண்டு நேரே கீழே இறங்கினேன். பந்துக்குப் பின்னால் மேட்டில் நான்கு விரல் அகலத்துக்கு வெள்ளையாகத் தேய்த்தேன். மட்டை ஒழுங்காகப் பந்தில் முதலில் பட்டால், அந்த வெள்ளை கலையவே கூடாது.

அடித்தேன். திரையில் பந்து அழகாகப் பறந்தது. "நைஸ் ஷாட்!" என்று எந்திரம் கத்தியது. மட்டையைத் திருப்பிப் பார்த்தேன், அடி முழுக்க வெள்ளை. இன்னொன்று. வெள்ளை. பத்து அடித்தால் பத்தும் வெள்ளை.

நான் எப்போதும் பந்துக்குப் பின்னால் தரையைத்தான் அடித்துக்கொண்டிருந்திருக்கிறேன். பழைய ரப்பர் மட்டையைத் துள்ளவிட்டுப் பந்தில் கொண்டுபோய்ச் சேர்த்தது, கைவலியைக் கூலியாக வாங்கிக்கொண்டு. புது மெத்தை வலிகூடத் தராமல் வழுக்கிக்கொண்டுபோய்ச் சேர்க்கிறது. இத்தனை நாளும் எனக்குப் பதிலாக மேட்தான் ஆடியிருக்கிறது. அன்றைக்குக் கடையில் அந்த நார் மேட் ஒன்றுதான் என் முகத்துக்கு நேரே உள்ளதைச் சொன்னது. அதைப் போய் மட்டம் என்றோம்.

ஏப்ரல் 12, சனி

மாற்றிக்கொண்டு வந்தோம். கடைக்காரர் இரண்டு தரம் கேட்டார், "உறுதியாத்தானா? இதை வாங்கினவங்கதான் திருப்பிக் குடுத்துட்டு மெத்தையை எடுத்துட்டுப் போவாங்க."

இவர் காரில் முணுமுணுத்தார். "காசு குடுத்து அவமானத்தை வாங்கிட்டு வர்ற முதல் ஆளு நீதான்."

"அவமானம் சம்பந்தி முன்னால வேணாம்னுதான் வீட்டுக்கே கொண்டுவர்றேன். பேசாம ஓட்டுங்க."

ஏப்ரல் 13, ஞாயிறு

நூற்று முப்பத்தொன்று.

ஏப்ரல் 14, திங்கள்

எழுதுவதற்கில்லை.

ஏப்ரல் 20, ஞாயிறு

சேபோம் வந்திருந்தாள். கீழே வந்து நான் அடிப்பதைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். முகம் வெளுத்துவிட்டது.

"அம்மா, கை வலிக்குதுன்னு சொல்லிடு. நிஜமாவே உனக்கு முழங்கை வலி இருக்குல்ல?"

"இப்ப இல்லடி. இந்த மேட் வந்ததிலேருந்து வலி போயிடுச்சு." ஆமாம், அது ஒன்றுதான் லாபம். நாரில் மட்டை இறங்கிப் போவதால் கைக்கு அதிர்ச்சி ஏறுவதில்லை.

"யுன்ஜே அவங்க சொந்தக்காரங்க எல்லார்கிட்டயும் சொல்லிட்டு இருக்கான், மாமியார் எழுபத்தெட்டுன்னு. அவங்க அம்மா ரொம்ப யோசிச்சுப் பேசறவங்க. நம்மள எப்படி நினைப்பாங்க? ஆரம்பத்துலயே புளுகர்கள்னு நினைச்சுட்டா அதை யார் துடைக்கறது?"

"புளுகினது உங்கப்பா."

"நீ பக்கத்துல உட்கார்ந்து சிரிச்சே."

அவளுக்காகப் போட்டுவைத்திருந்த கிம்ச்சி ஊறுகாய்ப் பாத்திரத்தைக்கூட எடுத்துக்கொள்ளாமல் போய்விட்டாள். அவள் வாழப்போகிற வீடு. என்னால் அவள் அங்கே தலைகுனிய வேண்டுமா? நூறுக்குக் கீழே கொண்டுவந்துவிட்டால் போதும். இன்னும் ஒரு மாதம் இருக்கிறதே. கொண்டுவந்துவிடுவேனா?

மே 1, வியாழன்

நூற்றுப் பத்தொன்பது. மாட்டேன்.

மே 3, சனி

சொல்லிவிட்டேன்.

கடையில் யாரும் இல்லை. சாக்கட்டியைக் கையில் வைத்து உருட்டிக்கொண்டிருந்தேன். தினமும் பொய் சொல்லாத மேட்டில் நின்று அடித்துவிட்டு, மாடியேறி வந்து பொய்யைக் காப்பாற்றிக்கொண்டிருந்தால் அந்த மேட் எதற்கு? இஸ்திரிப் பெட்டியை அணைத்துவிட்டு போன் போட்டேன். வணக்கம், நலமா எல்லாம் முடிந்தது. பிறகு ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன்.

"சம்பந்தியம்மா, அந்த எழுபத்தெட்டு வீட்டுல திரையில அடிச்சதுங்க. நான் இன்னும் கொண்டையே போடல."

முதல்முறை நிஜ மைதானத்தில் ஆடுவதைத்தான் இங்கே எல்லோரும் கொண்டை போடுவது என்பார்கள். அவருக்குப் புரிந்திருக்கும். போச்சு, சேபோம், என்னை மன்னித்துவிடு என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன்.

"கொஞ்சம் இருங்க" என்றார். "உட்கார்ந்துக்கறேன்."

நாற்காலி இழுபடுகிற சத்தம். அதற்குப் பிறகு ஒரு சிரிப்பு! கரண்டிகூடச் சத்தம் வராமல் வைக்கிற அந்த அம்மாவுக்கு இப்படி ஒரு சிரிப்பு இருக்கும் என்று யார் நினைப்பார்கள்?

"உங்க எழுபத்தெட்டு என்னை என்ன பாடு படுத்திச்சு தெரியுமா? நான் பன்னிரண்டு வருஷமா ஆடறேன், நூறுக்குக் கீழ வந்தது ரெண்டே தரம். மரியாதைக்குக் கூப்பிடணுமேன்னு கூப்பிட்டுட்டு, அன்னையிலேருந்து வாத்தியார் வச்சுக் கத்துக்கறேன். முழங்கையில கட்டுப் போட்டிருக்கேன். மாத்திரை குடுக்கிற கையையே தூக்க முடியல. கை வலின்னு சொல்லித் தள்ளிவச்சுடலாமான்னு நேத்துதான் இவர்கிட்ட கேட்டுட்டு இருந்தேன்!"

நானும் சிரித்தேன். அழுதேன் என்றும் சொல்லலாம். கடைசியில் அவர் சொன்னார், "அப்போ உங்களுக்குக் கொண்டை போட்டுவிடற பாக்கியம் எனக்குத்தான். வேற யாருக்கும் குடுத்துடாதீங்க."

அப்பாடா. நெஞ்சில் உட்கார்ந்திருந்த அம்மிக்கல் எழுந்து போய்விட்டது. இரவுச் சாப்பாட்டில் இவருக்கு ஒரு முட்டை அதிகம் வைத்தேன். எதற்கென்று கேட்கவில்லை. பயம்.

மே 4, ஞாயிறு

சேபோமிடமிருந்து செய்தி: "அத்தை எனக்கு போன் பண்ணாங்க. உங்கம்மாவை எனக்கு ரொம்பப் பிடிச்சுப்போச்சுன்னாங்க. கிம்ச்சி எடுத்துக்க வரேன்."

மே 24, சனி

கால், இடுப்பு, தோள் எதுவும் என்னுடையது இல்லை. ஆனாலும் எழுதிவிட்டுத்தான் படுப்பேன்.

முதல் குழி, நாலு அடியில் முடிக்க வேண்டியது. எனக்கு ஒன்பது ஆயிற்று. மட்டைகளைப் பார்த்துக்கொள்ள எங்களோடு வந்த கேடிப் பெண் கணக்கு அட்டையை எடுத்துச் சிரித்தபடி, "முதல் குழி எல்லாருக்கும் நாலுன்னே போட்டுடறேங்க" என்றாள். வழக்கம்தான். எந்த மைதானத்திலும் முதல் குழிக்கு அப்படித்தான் போடுவார்களாம், யாரும் மறுப்பதில்லையாம்.

"எனக்கு ஒன்பதுன்னே போடும்மா" என்றேன்.

மாப்பிள்ளை யுன்ஜே திகைத்துப் பார்த்தான். சம்பந்தியம்மா, "ஐயோ, அது வழக்கம்ங்க, விடுங்க" என்றார்.

"இல்லைங்க. இந்த ஒன்பதுக்கு நான் ரெண்டு மாசம் உழைச்சிருக்கேன்."

சம்பந்தியம்மா கேடியிடம் திரும்பி, "அப்போ எனக்கு ஏழு" என்றார்.

"எனக்கு நாலே இருக்கட்டும்" என்று சம்பந்தி அவசரமாகச் சொல்ல, அந்த அம்மா கணவரைப் பார்த்த பார்வையில் அவரும் ஆறு என்று ஒப்புக்கொண்டுவிட்டார். அதற்கப்புறம் யாருக்கும் யாரிடமும் கூச்சம் இல்லை. தப்பாக அடித்தபோதெல்லாம் உரக்கக் கத்தினோம்.

மொத்தம் நூற்று இருபத்துநான்கு. சம்பந்தியம்மாவுக்கு நூற்று மூன்று. ஆனால் பதினோராம் குழியில் ஒன்று அடித்தேன். முதலில் பந்து, அதற்குப் பிறகுதான் புல். பந்து கிளம்பிப் போன பின்னால், அது இருந்த இடத்துக்கு முன்பக்கமிருந்து ஒரு துண்டுப் புல் பெயர்ந்து பறந்தது. கைக்கு ஒன்றுமே தெரியவில்லை. ஓடிப்போய் அந்தத் துண்டை எடுத்துவந்து பள்ளத்தில் வைத்து மிதித்தேன். மாமனார் நினைவு வந்தது.

"இதை எங்க கத்துக்கிட்டீங்க?" என்றார் சம்பந்தியம்மா. நார் மேட்டைப் பற்றியும் சாக்கட்டியைப் பற்றியும் சொன்னேன். சமாதிக் கதையையும் சொன்னேன். பிடித்துக்கொள்ள மரம் கிடைக்காமல் என் தோளைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

செப்டம்பர் 14, ஞாயிறு

அடுத்த மாதம் கல்யாணம். சீர் எதுவும் வேண்டாம் என்று பிள்ளைகள் முன்பே முடிவு செய்துவிட்டார்கள். இருந்தாலும் பெண்ணைப் பெற்றவளுக்கு மனசு கேட்குமா? பட்டு மெத்தை, வெள்ளிக் கரண்டி, பித்தளைக் கிண்ண வரிசை, இதில் ஒன்றாவது அனுப்புகிறேனே என்று போன வாரம் கேட்டேன்.

"இருக்கற வெள்ளியைத் துலக்கவே ஆள் இல்ல" என்றார் சம்பந்தியம்மா. "ஏதாவது அனுப்பியே ஆகணும்னா, அந்த மேட் ஒண்ணு அனுப்புங்க. எங்க வீட்டு மேட்டும் என்னை ஏமாத்துதுன்னு சந்தேகமா இருக்கு."

அதே கிடங்கில் புதிதாக ஒன்று வாங்கி வந்தோம். சீர் கட்டுகிற துணி எதுவும் அந்த நீளத்துக்குப் போதாது. சிவப்புப் பட்டும் நீலப் பட்டும் இரண்டிரண்டு அகலம் எடுத்து நானே சேர்த்துத் தைத்தேன். இந்தக் கடை வைத்த நாளிலிருந்து இவ்வளவு நேராக ஒரு தையல் நான் போட்டதில்லை.

"ஊர்ல யாராவது சம்பந்தி வீட்டுக்கு ரப்பரைச் சீரா அனுப்புவாங்களா?" என்று இவர் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டே புலம்பினார்.

"நல்லா இழுத்துப் பிடிங்க" என்றேன். முடிச்சுப் போடுவதற்கு முன்னால், ஒரு புதுச் சாக்கட்டியைக் காகிதத்தில் சுற்றி உள்ளே வைத்தேன்.