மாலை ஐந்து மணி, நான்கு டிகிரி

அக்காவுக்கு, ஸ்தோத்திரம்.

'அன்புள்ள' என்று எழுதக் கை வரவில்லை. ஏன் என்று படித்தால் தெரியும்.

உங்கள் அண்ணன் வீட்டில் எல்லாரும் சுகமா? முழங்கால் வலி குறைந்ததா? என் குழந்தை, அதுதான் உங்கள் மேனேஜரம்மா, இப்போது பிடித்துக்கொண்டு நடக்கிறாள். நீங்கள் வைத்த பெயர்தான் வீட்டில் நிலைத்துவிட்டது. நேற்று ஜன்னல் திரையை இழுத்துத் தன் தலையிலேயே போட்டுக்கொண்டு, ஏதோ நாங்கள் செய்த தப்பு போல எங்களைப் பார்த்துக் கத்தினாள். நீங்கள் இருந்திருந்தால், "மேனேஜர் கோவமா இருக்காங்க, ஃபைலை எடுத்துட்டு ஓடியா" என்றிருப்பீர்கள்.

இப்படியே இரண்டு பக்கம் எழுதிவிடுவேன் அக்கா. போன வாரம் எழுதினேன், கிழித்துப் போட்டேன். அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கிளினிக்கில் தடுப்பூசி ஃபிரிட்ஜின் பிளக்கைப் பிடுங்கியது நீங்கள் இல்லை. நான்.

அன்று மதியம் மூன்று மணி இருக்கும். பால் கட்டிக்கொண்டு மார்பு கல்லாக இருந்தது. அந்த அறையில் ஒரே ஒரு பிளக் பாயின்ட்தான், உங்களுக்கே தெரியும். ஃபிரிட்ஜைப் பிடுங்கிவிட்டு என் பால் எடுக்கும் மெஷினைச் சொருகினேன். பத்து நிமிடம்தானே என்று நினைத்தேன். நடுவில் குழந்தைக் காப்பகத்திலிருந்து போன், மேனேஜரம்மாவுக்குக் காய்ச்சல் என்று. மெஷினைப் பைக்குள் திணித்துக்கொண்டு, யாரிடமும் சொல்லாமல் ஓடினேன். ஃபிரிட்ஜ் நினைவே வரவில்லை.

அது மறதி. இனி சொல்வது மறதி இல்லை. ஃபிரிட்ஜ் கதவில் தொங்கும் அட்டையில் காலையில் ஒரு முறை, மாலை ஐந்துக்கு ஒரு முறை வெப்பநிலையைப் பார்த்து எழுதவேண்டும். காப்பகம் மூடுவதற்குள் போய்ச் சேரவேண்டுமே என்று நான் மாலைக் கட்டத்தையும் காலையிலேயே நிரப்பிவிடுவேன். பல மாதப் பழக்கம். எப்போதும் நான்கு டிகிரிதானே என்ற தைரியம். அன்றும் அப்படித்தான். மாலை ஐந்து மணி, நான்கு டிகிரி, கீழே என் கையெழுத்து.

மறுநாள் மருந்தெல்லாம் குப்பைக்குப் போனதும், குழந்தைகளோடு வந்த தாய்மார்களைத் திருப்பி அனுப்பியதும் உங்களுக்குத் தெரியும். டாக்டர் அந்த அட்டையைக் கையில் எடுத்தார். "அஞ்சு மணிக்குச் சரியாத்தானே இருந்திருக்கு? அதுக்கப்புறம் இந்த ரூமுக்குள்ள யாரு வந்தது?" என்று கேட்டார். ஆறு மணிக்குக் கூட்டித் துடைக்க வந்தது நீங்கள் ஒருவர்தான். நான் எழுதிய பொய் உங்களுக்கு எதிராகச் சாட்சி சொன்னது. நான் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தேன்.

நீங்களாவது இல்லவே இல்லை என்று சாதித்திருக்கலாம். "நெனவில்ல சார். தொடைக்கும்போது கை பட்டாலும் பட்டிருக்கும். தெரியாததத் தெரியும்னு எப்படிச் சொல்றது?" என்றீர்கள். தெரிந்தவள் வாயை மூடிக்கொண்டேன். அந்த வாரமே உங்களை நிறுத்திவிட்டார்கள்.

மூன்று மாதமாகக் கடவுளிடம் சொல்லாத நாள் இல்லை. முழங்காலில் இருக்கும்வரை லேசாக இருக்கும். எழுந்தால் பழைய கனம். வீட்டுக்காரரிடம் சொன்னேன். "கடவுள் மன்னிச்சிட்டாருல்ல, அப்புறம் ஊருக்கெல்லாம் எதுக்குத் தம்பட்டம்? கைக்குழந்தைய வச்சுக்கிட்டு வம்ப வெலைக்கு வாங்காத" என்றார். வேலை போனது கடவுளுக்கா என்று கேட்டேன். அவர் எழுந்துபோய், கழுவி வைத்த பாத்திரத்தையே மறுபடி கழுவினார்.

சபையில் திருவிருந்து நேரம் வந்தால், இந்தப் பொய்யோடு அப்பத்தை வாங்க மனம் வராமல், குழந்தை அழுகிறாள் என்று வெளியே தூக்கிக்கொண்டு போய்விடுவேன். போன ஞாயிறு அவள் அழவில்லை. என் தோளில் நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தாள். அப்படியும் எழுந்து போனேன். திரும்பி வந்து பார்த்தால் எனக்குப் பக்கத்தில் உங்கள் நாற்காலி காலியாக இருந்தது.

மேனேஜரம்மா விழித்துவிட்டாள். தட்டித் தூங்கவைத்துவிட்டு வந்து எழுதுகிறேன். எழுந்த சாக்கில் இதை இத்தோடு நிறுத்திவிடலாமா என்றுகூடத் தோன்றியது.

ஆனால் அந்த போன்தான் என்னை விடமாட்டேன் என்கிறது அக்கா. போன மாதம் கூப்பிட்டீர்களே. "என் கவனக்கொறச்சலால அத்தன பிள்ளைங்களுக்கு ஊசி தள்ளிப்போச்சு, தெனமும் ஆண்டவர்கிட்ட மன்னிப்புக் கேக்குறேன், ஆனாலும் தூக்கம் வரல, நீயும் எனக்காக ஒரு வார்த்த ஜெபி" என்று அழுதீர்கள். நான் ஜெபித்தேன். அக்காவை மன்னியும் ஆண்டவரே என்று வாய்விட்டுச் சொன்னேன். நீங்கள் ஆமென் என்றீர்கள்.

இன்று எல்லாவற்றையும் எழுதி டாக்டரிடம் கொடுத்துவிட்டேன். கிளினிக் வாசல்வரை வீட்டுக்காரரும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு கூட வந்தார். டாக்டர் இரண்டு முறை படித்தார். "மூணு மாசமா தெனமும் எனக்குக் குட் மார்னிங் சொன்னியேம்மா" என்றார். அவ்வளவுதான். விசாரணை முடியும்வரை வேலைக்கு வரவேண்டாம் என்று சொல்லியிருக்கிறார். உங்களுக்கு அவரே எழுதுவார். என் வேலை நிலைக்குமா தெரியவில்லை. பயமாகத்தான் இருக்கிறது, மறைக்கவில்லை.

உங்களுக்கு முதலில் எழுதாமல் டாக்டரிடம் போனதற்கும் காரணம் உண்டு. எழுதியிருந்தால், "போனது போச்சு, பிள்ளையப் பாரு, யார்கிட்டயும் சொல்லாத" என்றுதான் பதில் போட்டிருப்பீர்கள். உங்களை எனக்குத் தெரியாதா? அந்த வார்த்தையைப் போர்த்திக்கொண்டு நான் படுத்திருப்பேன்.

என்னை மன்னிக்கச் சொல்லி இப்போது கேட்கவில்லை. அதற்கு எத்தனை நாள் வேண்டுமோ எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றை மட்டும் செய்யுங்கள் அக்கா. இனி ஜெபத்தில் அந்தப் பிளக்கைப் பற்றிச் சொல்லாதீர்கள். அது என்னுடையது, நான் சொல்லிக்கொள்கிறேன். நீங்கள் தூங்குங்கள்.

இப்படிக்கு,
சபையில் உங்கள் பக்கத்து நாற்காலிக்காரி