பெயர்ப் பலகையைக் கழற்றிவிட்டேன்

செவ்வாய்க்கிழமை, மாவுக் கடையிலிருந்து

அன்பு மகள் ஜெர்லானிக்கு அம்மா கிரெயூசா எழுதுவது. நான் நடமாட்டமாக இருக்கிறேன், உன் அப்பாவின் முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது, நீ ரெசிஃபி நகரத்தில் நேரத்துக்குச் சாப்பிட்டுத் தூங்குகிறாயா என்பதுதான் தெரியவில்லை. போனை எடுத்ததும் ஆசீர்வாதம் கேட்டுவிட்டுத்தான் மற்ற பேச்சைத் தொடங்குவாய், பதினோரு நாளாக அந்தக் குரலும் இல்லை. நீ கேட்காவிட்டாலும் கொடுத்துவிட்டேன், கடவுள் உன்னைக் காக்கட்டும். இதை உட்கார்ந்து கடைசி வரை படி, பாதியில் கிழித்துப் போடாதே. வருகிற வெள்ளிக்கிழமைக்குள் நீ ஒரு காரியம் செய்யாவிட்டால் லிந்தால்வாவின் வீடு போய்விடும், அதற்குக் காரணம் நான்.

வக்கீல் சங்கத் தேர்வு முடிவு வந்த அன்று நீ அழுதுகொண்டே சொன்னாய், இரண்டாம் கட்டத்தில் மறுபடியும் அரை மதிப்பெண்ணில் போய்விட்டது என்று. மூட்டை மூட்டையாக மாவு சுமந்தது இதற்குத்தானா என்று நான் கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது, வாயிலிருந்து விழுந்த பிறகுதான் எனக்கே உறைத்தது. "அம்மா, நான் டாக்டர் இல்ல. அந்தப் பலகைய இன்னிக்காவது கழட்டு"ன்னு சொல்லிவிட்டு நீ போனை வைத்துவிட்டாய். நான் கழற்றவில்லை. நீ சட்டக் கல்லூரியில் கால் வைத்த அன்றே சந்தை முழுக்க உன்னை டாக்டரம்மா என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டது, இங்கே வைத்தியருக்கும் வக்கீலுக்கும் ஒரே பட்டம்தானே. பட்டமளிப்பு முடிந்த வாரமே கடை முகப்பில் டாக்டர் ஜெர்லானி, வழக்கறிஞர் என்று பச்சை எழுத்தில் எழுதி மாட்டினேன். தேர்வில் தேறி வக்கீல் எண் வாங்கும் வரை நீ வெறும் பட்டதாரிதான், அப்படிப் போடுவது குற்றம் என்று நீ மூன்று வருடமாகச் சொல்லியும், எண் இன்றைக்கோ நாளைக்கோ வந்துவிடும், அதற்குள் யார் வந்து கேட்கப்போகிறார்கள் என்று விட்டுவிட்டேன்.

கேட்டு வந்தவள் லிந்தால்வா. எதிர் வரிசையில் ஆட்டுக்குடல் விற்கிறாளே, உனக்குக் காய்ச்சல் வந்தால் குழம்பு கொடுத்தனுப்புவாளே, அவள்தான். இரண்டரை வாரத்துக்கு முன் நீதிமன்றத்திலிருந்து அவளுக்குத் தாள் வந்தது. அவள் கையால் கட்டி இருபத்திரண்டு வருடம் குடியிருக்கிற வீட்டைக் காலி செய்யச் சொல்லி, அந்த மனைக்குச் சொந்தக்காரர் செத்த பிறகு அவர் மகன் வழக்குப் போட்டிருக்கிறான். பதினைந்து வேலை நாளுக்குள் பதில் போட வேண்டும். இரண்டு வாரத்துக்கு ஒரு திங்கட்கிழமை நம் ஊருக்கு வரும் அரசாங்க இலவச வக்கீலைப் பார்க்கத்தான் அவள் கிளம்பினாள். அந்த வரிசையில் எதற்கு நிற்கிறாய், என் பெண் இருக்கிறாளே என்று தாளை வாங்கி மாவுத் தொட்டிக்குப் பக்கத்து இழுப்பறையில் வைத்தவள் நான். முடிவு வரட்டும், தேறிவிடுவாய், முதல் வழக்காக இதையே கொடுக்கலாம் என்று கணக்குப் போட்டேன். மாவில் கலப்படம் இருந்தால் விரலால் தொட்டே சொல்லிவிடுவேன், என் கணக்கில் இருந்த கலப்படம் எனக்குத் தெரியவில்லை. முடிவு வந்த பிறகாவது சொல்லியிருக்கலாம். வெட்கத்தில் பதினோரு நாள் வாயை மூடிக்கொண்டிருந்தேன். இலவச வக்கீல் வந்து போய்விட்டார், இனி அடுத்த திங்கள்தான், அதற்குள் கெடு முடிந்துவிடும்.

நேற்று அவள் கடைக்கு வந்து, "அக்கா, டாக்டரம்மா எழுதிட்டாங்களா?"ன்னு கேட்டாள். எழுதிக்கொண்டிருக்கிறாள் என்று சொல்ல நாக்கு நுனி வரை வந்தது. அவள் கையில் உனக்கென்று சுத்தம் பண்ணிக் கட்டிய குடல் பொட்டலம் இருந்தது, அதைப் பார்த்ததும் என்னால் முடியவில்லை. எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவள் கத்தவில்லை. பலகையை அண்ணாந்து பார்த்து, "அப்போ என் வீட்டக் கொண்டுபோய் உன் பலகையில மாட்டி வெச்சிருந்தியா?" என்றாள். வெள்ளிக்குள் பதில் போகாவிட்டால் அந்தப் பலகையோடு நீதிமன்றத்துக்கே போவேன் என்றும் சொன்னாள். போனால் உன் பெயர்தான் கெடும், நாளைக்கு நீ தேறினாலும் எண் கொடுக்கும் முன் உன் நடத்தையைப் பார்ப்பார்களாமே. ஆனாலும் அவள் மேல் எனக்குக் கோபமில்லை, அவள் இடத்தில் நான் இருந்தால் சொல்லிக்கொண்டிருக்க மாட்டேன், நேராகப் போயிருப்பேன். அவள் நிற்கும்போதே ஏணி போட்டுப் பலகையை இறக்கிவிட்டேன். சந்தையே பார்த்தது. "என்ன கிரெயூசா, டாக்டரம்மாவ வேலையிலேர்ந்து நிறுத்திட்டியா?"ன்னு மீன்காரன் சிரித்தான், சிரித்துவிட்டுப் போகட்டும்.

இப்போது நீ செய்ய வேண்டியது. நீ வேலை பார்க்கும் வக்கீல் டாக்டர் வில்மாவிடம் எதையும் மறைக்காமல் சொல், குற்றம் அம்மாவுடையது என்று சொல். திட்டினால் வாங்கிக்கொள், ஆனால் அவர் எண்ணும் கையெழுத்தும் இல்லாமல் அறையை விட்டு வெளியே வராதே. பதிலை நீ எழுது, அவர் திருத்தட்டும். தேர்வில் உன்னை எழுதச் சொன்னதும் இதைத்தானே, இல்லாத ஓர் ஆளுக்கு இல்லாத வழக்கில் பதில்? அங்கே அரை மதிப்பெண் குறைந்தது. இங்கே அரை குறைந்தால் ஒருத்தி தெருவில் நிற்பாள், அதனால் குறையாது, உன்னை எனக்குத் தெரியும். எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்து மாவு அளக்கிறேன் என்று அத்தையிடம் சொன்னாயாமே. கடையில் உனக்கு இடமில்லை. கோபத்தில் சொல்லவில்லை, உனக்கு வியாபாரம் வராது, கேட்டவனுக்கெல்லாம் ஒரு கை கூடப் போடுவாய்.

இந்தக் கடிதம் இன்று மதிய வேனில் ஓட்டுநர் ஜெனேசியோவிடம் வருகிறது, உன் கதவுக்கு அடியில் போடச் சொல்லியிருக்கிறேன். நாளை மதிய வேனில் லிந்தால்வாவே வருகிறாள். வக்காலத்தில் அவள் கைநாட்டு வேண்டும் என்பது ஒன்று, தாளை இன்னொரு முறை என்னை நம்பிக் கொடுக்க மாட்டாள் என்பது இன்னொன்று. அவள் அங்கே குடியிருந்ததற்குச் சாட்சியாக இருபத்திரண்டு வருட மின்சார ரசீதுகளை மாவுச் சாக்கில் கட்டிக் கொடுத்திருக்கிறேன், சுவர் எழுப்பிய கொத்தனாரிடம் எழுதி வாங்க இன்று போயிருக்கிறாள். அவளுக்குச் சர்க்கரை போடாமல் காபி கொடு. டாக்டரம்மா என்று கூப்பிட்டால் இல்லை என்று நீயே உன் வாயால் சொல், நான் சொன்னது போதாது.

அப்பாவின் ஆசியும் என் ஆசியும் உன் தலைமேல் இருக்கட்டும். ஒன்றை மட்டும் மறக்காதே. என் போனை நீ எடுக்க வேண்டாம், அதற்கு நான் தகுதியானவள்தான். நாளை நான்கு மணிக்குக் கதவு தட்டும். திற.

உன் அம்மா,
கிரெயூசா