கயிறு இறுகினால்

சேசு மரி சூசை துணை

மத்திகிரி,
17 ஜனவரி 1956

என் அன்பிற்கும் மரியாதைக்கும் உரிய கணவர் அவர்களுக்கு அருள்மேரி வணங்கி எழுதுவது. சர்வேசுரன் கிருபையால் நானும் குழந்தை திரேசாவும் உங்கள் தம்பியும் குறைவில்லாமல் இருக்கிறோம். மதனப்பள்ளி க்ஷய ஆஸ்பத்திரிக் காற்று உங்கள் நெஞ்சுக்கு ஒத்துக்கொண்டு, சீக்கிரம் வீடு திரும்ப வேண்டுமென்று தேவமாதாவிடம் தினமும் கேட்கிறேன்.

உங்கள் கடிதம் பொங்கலுக்கு முந்தின நாள் வந்தது. எடை கொஞ்சம் ஏறியிருப்பதாக எழுதியிருந்தீர்கள். உங்கள் தம்பி அந்த வரியை மட்டும் திரும்பத் திரும்பப் படித்துக் காட்டினார். பால் குமட்டுகிறது என்று ஒதுக்கிவிடாதீர்கள். ராகி அடித்து வீட்டுக்குக் கொண்டுவந்தாயிற்று. பனி இந்த வருஷம் அதிகம். உங்களுக்கு அனுப்பிய கம்பளி போதுமா என்று எழுதவும். எனக்கு ஒன்றுமில்லை. மிஷன் டாக்டரம்மா போன வாரம் பார்த்துவிட்டு, வயிற்றிலிருக்கும் குழந்தை நன்றாக இருக்கிறது என்றார்கள்.

இங்கே ஒரு கஷ்டம். பாகலூர்ப் பக்கமிருந்து வெறிநாய் ஒன்று வந்து ஒரு கன்றுக்குட்டியையும் இரண்டு ஆட்களையும் கடித்துவிட்டது. அவர்களைத் தொப்புளைச் சுற்றி ஊசி போட்டுக்கொள்ள அனுப்பியிருக்கிறார்கள். அந்த நாய் அகப்படவில்லை. அது இன்னும் எத்தனை நாயைக் கடித்ததோ தெரியாது. நாய் வைத்திருப்பவர்கள் கட்டி வைக்க வேண்டும், அவிழ்ந்து திரிகிற நாயை அடித்துக் கொல்வோம் என்று தண்டோரா போட்டிருக்கிறார்கள். தலையாரி தீர்த்தகிரி தடியோடு வீடு வீடாக வந்து சொல்லிவிட்டுப் போனார்.

ஆகையால் சாம்சனைக் கட்டியிருக்கிறேன். நீங்கள் அவனைக் குட்டியாகச் சட்டைக்குள் வைத்து பெங்களூரிலிருந்து கொண்டுவந்த நாளிலிருந்து கட்டிப் பழக்கமில்லாதவன். பகல் முழுவதும் ஊளையிடுகிறான். கட்டிய இடத்தில் அசுத்தம் செய்ய மாட்டான். அதற்காகவே காலையும் மாலையும் ஏரிக்கரை வரை கயிற்றில் பிடித்துக்கொண்டு போக வேண்டியிருக்கிறது. உங்கள் தம்பி விடியும் முன்பே காய்கறி வண்டியோடு ஓசூர் போய்விடுகிறார். போகிறவள் நான்தான்.

வாசலைத் தாண்டியதும் இழுக்க ஆரம்பிக்கிறான். முன்னங்கால் இரண்டும் தரையில் படாதபடி எழும்பி எழும்பி இழுக்கிறான். ஆடு, கோழி, காய்ந்த இலை, எதைப் பார்த்தாலும் அந்தப் பக்கம் பாய்கிறான். புதன்கிழமை பெங்களூர் பஸ் வந்து நின்று ஆட்கள் இறங்கினார்கள். அவன் ஒரே பாய்ச்சலில் அங்கே ஓடினான். கயிறு என் கையில் சுற்றியிருந்தது. விழுந்துவிட்டேன். பக்கவாட்டில்தான் விழுந்தேன், பயப்பட வேண்டாம். முழங்கையும் உள்ளங்கையும் சிராய்த்தது, அவ்வளவுதான். பஸ்ஸிலிருந்து இறங்கிய ஒவ்வொருவரையும் மோந்து பார்த்துவிட்டு, தானே திரும்பி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டான்.

உங்களோடு மட்டும் கயிறே இல்லாமல் நிழல் மாதிரி நடந்தானே. என்ன சொல்லிப் பழக்கினீர்கள் என்று ஒரு வரி எழுதுங்கள். உடம்புக்கு அலுப்பாக இருந்தால் வேண்டாம்.

இப்படிக்கு உங்கள் கீழ்ப்படிதலுள்ள மனைவி,
அருள்மேரி

*

சேசு மரி சூசை துணை

மத்திகிரி,
3 பிப்ரவரி 1956

என் அன்பிற்குரிய கணவர் அவர்களுக்கு அருள்மேரி வணங்கி எழுதுவது.

கடிதம் கிடைத்தது. உறையின் மேல் வேறு கையெழுத்தைப் பார்த்ததும் பிரிக்காமல் சிறிது நேரம் வைத்திருந்தேன். பக்கத்துக் கட்டில் வாத்தியார் எழுதித் தந்ததாகப் படித்த பிறகுதான் மூச்சு வந்தது. அவருக்கு என் நன்றியைச் சொல்லுங்கள். ஆனால் விலா எலும்பு எடுத்து ஆப்பரேஷன் செய்ய வேண்டும் என்று டாக்டர்கள் தீர்மானித்ததை அவர் ஒரே வரியில் எழுதி முடித்துவிட்டார். எந்தப் பக்கம்? மயக்க மருந்து தாங்குவீர்களா? விபூதிப் புதனுக்குப் பிறகு என்றால் எந்த நாள்? இவற்றையெல்லாம் யாரைக் கேட்பது என்று தெரியாமல் பங்குச் சாமியாரிடம் போய்ச் சொன்னேன். உங்கள் பேருக்குப் பூசை வைப்பதாகச் சொன்னார்.

உடனே புறப்பட்டு வரத்தான் நினைத்தேன். சாம்சனை யாரிடம் விட்டு வருவது? பக்கத்துத் தோட்டத்து வெங்கடம்மாள் சோறு வைப்பாள், நடத்த மாட்டாள். உங்கள் தம்பியைக் கண்டால் அவன் இன்னும் வேகமாக இழுக்கிறான். அவர் ஆத்திரத்தில் கயிற்றைச் சுண்டி இழுக்க, இரண்டு பேரும் தெருவில் மல்யுத்தம் செய்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்ததும், "அண்ணி, இத யாருக்காச்சும் குடுத்துரலாம். இல்லன்னா தீர்த்தகிரிகிட்டயே சொல்லிரலாம். நீங்க மறுபடி விழுந்தா அண்ணனுக்கு நான் என்ன பதில் சொல்றது?" என்று கேட்டார். அவர் மேல் கோபித்துக்கொள்ளாதீர்கள். என்னை நினைத்துத்தான் சொன்னார்.

யாரோ சொன்னார்கள் என்று சாம்சன் கழுத்தில் சுருக்குப் போட்டுப் பார்த்தோம். இழுத்தால் இறுகும், வலித்தால் அடங்குவான் என்றார்கள். அவன் அடங்கவில்லை. நாக்கைத் தள்ளிக்கொண்டு இழுத்தான். பிறகு நின்று இருமினான். அடி வயிற்றிலிருந்து வருகிற வறட்டு இருமல். அந்தச் சத்தத்தை என்னால் கேட்டுக்கொண்டிருக்க முடியவில்லை. அங்கேயே சுருக்கை அவிழ்த்து எறிந்துவிட்டேன். பழைய தோல்பட்டையைத்தான் போட்டிருக்கிறேன்.

வெங்கடம்மாள் வேலிக்கு அந்தப் பக்கமிருந்து இதையெல்லாம் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறாள். வீட்டில் தெலுங்கு பேசுகிறவள், என்னோடு பேசும்போது இரண்டும் கலந்து வரும். இளங்காளையை வண்டிக்குப் பழக்கும்போது தன் மாமனார் செய்ததைச் சொன்னாள். "அது இழுத்தா நீயும் இழுக்காத மேரிம்மா. கம்முனு நின்னுக்கோ. கவுறு தளந்தா நட. இழுத்தா வழி கெடையாதுன்னு அதுக்கே தெரியட்டும்."

அப்படியே செய்து வருகிறேன். முதல் நாள் ஏரிக்கரைக்குப் போய்ச் சேரவே இல்லை. இழுத்தான், நின்றேன். திரும்பிப் பார்த்தான், கயிறு தொய்ந்தது, நடந்தேன். உடனே இழுத்தான், மறுபடி நின்றேன். பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள் சுற்றி நின்று சிரித்தார்கள். புளியமரம் வரை போய்த் திரும்பிவிட்டோம். வெறிநாய் எந்த வேலியிலிருந்து வருமோ என்று பயத்தோடு பார்த்துக்கொண்டு, நடுத்தெருவில் அசையாமல் நிற்பது எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். ஆனாலும் வேறு வழி தெரியவில்லை. இப்போது சில சமயம், இறுகினதும் தானே ஓரடி பின்னால் வந்து என் முகத்தைப் பார்க்கிறான். சில சமயம்தான். பஸ் சத்தம் கேட்டால் எல்லாம் மறந்துபோகும்.

ஆப்பரேஷன் நாள் தெரிந்தவுடன் எழுதச் சொல்லுங்கள். சாப்பாட்டைக் குறைக்காதீர்கள்.

உங்கள் நினைவாகவே இருக்கும்,
அருள்மேரி

*

சேசு மரி சூசை துணை

மத்திகிரி,
13 பிப்ரவரி 1956

என் பிரியமான கணவர் அவர்களுக்கு அருள்மேரி எழுதுவது.

வாத்தியார் போட்ட கார்டு கிடைத்தது. அடுத்த திங்கட்கிழமை ஆப்பரேஷன் என்று தெரிந்துகொண்டேன். அதைப் பற்றிப் பிறகு எழுதுகிறேன். முதலில் இங்கே நடந்ததைச் சொல்ல வேண்டும். ஊரார் வாயிலிருந்து வேறு மாதிரி உங்கள் காதுக்கு வருவதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன். எல்லாரும் சுகம் என்பதை முதலிலேயே மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

வெள்ளிக்கிழமை காலை திரேசாவும் கூட வருவேன் என்று அடம் பிடித்தாள். அவளை ஒரு கையிலும் சாம்சனை ஒரு கையிலும் பிடித்துக்கொண்டு ஏரிக்கரையில் போனோம். எதிரே ஒரு செவலை நாய் வந்தது. தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு, வாயில் எச்சில் ஒழுக, கால் பின்னிப் பின்னி வந்தது. பார்த்ததும் தெரிந்துவிட்டது. ஒரு பக்கம் தண்ணீர், ஒரு பக்கம் கள்ளி வேலி. திரேசாவைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டேன். ஓட முடியவில்லை. என் நிலைமையில் எங்கே ஓடுவது?

சாம்சன் உறுமிக்கொண்டு பாய்ந்தான். கயிறு விண்ணென்று இறுகியது. அவன் மட்டும் முழுப் பலத்தோடு இழுத்திருந்தால் நான் குழந்தையோடு அந்த நாயின் முன்னால் போய் விழுந்திருப்பேன். நான் நின்றேன். தைரியத்தினால் நின்றேன் என்று சொல்ல மாட்டேன். காலில் உயிரில்லை, அதனால் நின்றேன். ஆனால் அவனுக்கு அந்த வித்தியாசம் தெரியாது. தினமும் நிற்கிற மாதிரிதான் நிற்கிறேன் என்று நினைத்தானோ என்னவோ, ஓரடி பின்னால் வந்தான். கயிறு தொய்ந்தது. உடம்பெல்லாம் நடுங்க, முடி சிலிர்த்து, என் காலோடு ஒட்டி நின்றான். அந்த நாய் எங்களைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வேலியோரமாக நேரே போய்விட்டது.

தீர்த்தகிரியும் ஆட்களும் அதைத் துரத்திக்கொண்டுதான் வந்திருக்கிறார்கள். மதகுக்கு அந்தப் பக்கம் அடித்துக் கொன்றுவிட்டார்கள். பிறகு அந்தத் தடியோடு எங்கள் வாசலுக்கு வந்தார்கள். வெறிநாய் பக்கத்தில் வந்த நாயை விட்டுவைக்கக் கூடாது என்று கூட்டத்தில் ஒருவர் சொன்னார். சாம்சனின் கழுத்தைக் கட்டிக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டேன். உங்கள் தம்பி அப்போதுதான் ஓசூரிலிருந்து வந்து வண்டியைக் கூட அவிழ்க்காமல் ஓடி வந்தார். அடித்துவிடுங்கள் என்று சொல்லப்போகிறார் என்றே நினைத்தேன். அவர் நாய்க்கு முன்னால் போய் நின்றுகொண்டார்.

தீர்த்தகிரிதான் நியாயமாகப் பேசினார். "கரை மேலருந்து நான் பாத்துக்கிட்டேதான் வந்தேன். இது கவுத்தத் தளத்திக்கிட்டு அம்மா காலோட நின்னுச்சு. அந்த நாய் இதுமேல படல. படாத நாய அடிக்க எனக்கு உத்தரவு இல்ல" என்றார். இருந்தாலும் எல்லார் எதிரிலும் வெயிலில் வைத்து முடியைப் பிரித்துப் பிரித்துப் பார்த்தார்கள். ஒரு கீறல்கூட இல்லை. அவர்கள் போன பிறகு நான் தனியாக இன்னொரு தரம் பார்த்தேன். இப்போதும் அவன் தண்ணீர் குடிக்கிறானா என்று பார்த்துக்கொண்டே இருக்கிறேன். நன்றாகக் குடிக்கிறான். திரேசாவை இன்னும் அவனிடம் அண்ட விடவில்லை.

அன்று மாலை உங்கள் தம்பி தலையைக் குனிந்துகொண்டு, "எப்படி நிக்கறதுன்னு எனக்கும் சொல்லிக் குடுங்கண்ணி" என்றார். நாயைப் பழக்குவதைவிட அவரைப் பழக்குவது கஷ்டமாக இருந்தது. கயிறு இறுகினதும் அவர் கை தானாக இழுக்கிறது. இப்போது கையை இடுப்போடு வைத்துக்கொண்டு நிற்கிறார். இன்று காலை வண்டியை வேறு ஆளிடம் கொடுத்துவிட்டு, அவரே ஏரிக்கரை வரை நடத்திக்கொண்டு போய் வந்தார். நேரமானது. ஆனால் விழாமல், சண்டையில்லாமல் வந்தார்கள்.

ஆகையால் நான் வருகிறேன். நாளை மறுநாள் விபூதி வாங்கிக்கொண்டு, அடுத்த நாள் காலை பஸ்ஸில் பெங்களூர் வந்து, அங்கிருந்து மதனப்பள்ளி பஸ் பிடிக்கிறோம். துணைக்கு வெங்கடம்மாள் வருகிறாள். அந்த ஊரில் அவள் தெலுங்கு உதவும். திரேசா அவள் மருமகள் நாராயணம்மாவோடு இருப்பாள். ஏழாம் மாதத்தில் பஸ்ஸில் போகக் கூடாது என்று டாக்டரம்மா கண்டித்தார்கள். கேட்டுக்கொண்டேன். ஆனால் வருகிறேன். நீங்களும் கோபித்துக்கொள்ள வேண்டாம். குலுங்காத முன் சீட்டில்தான் உட்காருவேன்.

வார்டுக்குள் விட மாட்டார்கள் என்று எனக்குத் தெரியும். வெளியே மரத்தடியில் நின்றுகொள்கிறேன். உங்களால் எழுந்து ஜன்னல் வரை வர முடிந்தால் வாருங்கள். முடியாவிட்டால் கட்டிலைக் கொஞ்சம் திருப்பிப் போடச் சொல்லுங்கள், உங்கள் முகம் தெரிந்தால் போதும். டாக்டர்கள் ஆப்பரேஷன் தேதியை முன்னால் கொண்டுவந்தால், மனைவி புறப்பட்டுவிட்டாள் என்று சொல்லி ஒரு நாள் தவணை கேளுங்கள். சர்வேசுரனிடமும் அதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

நான் வழியில் எங்கும் நிற்க மாட்டேன். நான் வந்து சேரும்வரை நீங்கள் இருங்கள்.

உங்கள்,
அருள்மேரி