திங்கள் வரை மூடியிருந்த டப்பா

வீடு,
ஞாயிறு காலை.

என் அருமை மகள் வாலுவுக்கு,

அப்பா எழுதுகிறேன். நீ அங்கே சௌக்கியமாக இருப்பாய் என்று வைத்துக்கொள்கிறேன். இங்கே நாங்கள் முக்கால்வாசி சௌக்கியம். மிச்சத்தைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

தினமும் போனில் பேசும் மனுஷருக்குத் திடீரென்று கடிதம் எதற்கு என்று யோசிப்பாய். நான் போனை எடுத்தால் உன் அம்மா பக்கத்திலேயே இருக்கிறாள். சொல்ல வேண்டியது தொண்டை வரை வந்துவிட்டு, "சாப்பிட்டியா?" என்று வெளியே விழுகிறது. போன வாரம் ஒரே போனில் மூன்று தடவை கேட்டேன் என்று நீ சிரித்தாய். அதற்கு முன்னால் நீ கேட்டதற்குத்தான் நான் பதில் சொல்லவில்லை. "அந்த மருந்து அம்மாவுக்குப் பொருந்தாதுன்னு முதல்ல சொன்னாங்க. ஒரு மாசம் கழிச்சு பொருந்தும்ங்கறாங்க. உடம்பு அதேதானே, எப்படிப்பா?" என்றாய். அதற்கு என்னைவிட நன்றாகப் பதில் தெரிந்தவர் யாருமில்லை.

முதலில் நல்ல சேதி. வருகிற வியாழக்கிழமை அம்மாவுக்கு அதே மருந்தில் முதல் ஊசி. அது இதயத்தைக் கொஞ்சம் பாதிக்கக்கூடுமாம், அதனால் முன்கூட்டியே ஸ்கேன் எடுத்தார்கள். இதயம் பலமாக இருக்கிறது என்று டாக்டர் சொன்னதும், "இருபத்தெட்டு வருஷம் இவரோட குப்பை கொட்டியிருக்கு, பலம் இல்லாம இருக்குமா?" என்றாள். அறையில் எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவைத்தேன்.

இது ஒரு ஆராய்ச்சியின் கீழ் நடக்கிற சிகிச்சை. வழக்கமான ஊசி எல்லோருக்கும் உண்டு. அதோடு ஒரு புது மாத்திரை பாதிப் பேருக்கு. யாருக்கு என்று கம்ப்யூட்டர் சீட்டுக் குலுக்கிப் போடுமாம். இருபத்திரண்டு பக்க ஒப்புதல் படிவத்தை வீட்டுக்கு எடுத்துவந்து இரண்டு நாள் படித்தாள். அச்சகத்தில் பிழை திருத்திய கை சும்மா இருக்குமா? சிவப்புப் பேனாவால் பதினாலு இடத்தில் திருத்தி, அப்புறம்தான் கையெழுத்துப் போட்டாள். ஆராய்ச்சிப் பிரிவு நர்ஸ் தலையில் கை வைத்துக்கொண்டு புதுப் படிவம் கொடுத்தாள். சீட்டு எந்தப் பக்கம் விழும் என்று நான் கவலைப்பட்டேன். "எந்தப் பக்கம் விழுந்தாலும் ஊசி உண்டே. மாத்திரை வேலை செய்யுதா இல்லையான்னு பார்க்கத்தானே குலுக்கறாங்க? முன்னாடியே தெரிஞ்சா எதுக்குக் குலுக்கணும்?" என்றாள்.

இனி உன் கேள்விக்கு வருகிறேன்.

ஆஸ்பத்திரி லேபில் என் வேலை உனக்குத் தெரியும். ஆபரேஷனில் எடுக்கிற சதையைக் கெடாமலிருக்க ஃபார்மலினில் ஊறவைத்து, மெழுகில் பதித்து, வெங்காயத் தோலைவிட மெல்லிசாகச் சீவி, கண்ணாடியில் ஒட்டி, சாயம் ஏற்றிக் கொடுப்பது. என் கையில் அந்த ஃபார்மலின் நெடி போவதில்லை என்று உன் அம்மா கல்யாணமான மறுவாரம் ஆரம்பித்த சண்டை இன்னும் முடியவில்லை. அம்மாவைப் போல மார்பகப் புற்றுநோய் வந்தவர்களில் சிலருக்கு, அந்தச் செல்களைச் சுற்றி ஒரு புரதம் அளவுக்கு மீறி இருக்கும். சாயம் ஏற்றினால் பழுப்பு வளையமாகத் தெரியும். வளையம் இருந்தால் அதையே குறிபார்த்துப் போய்ச் சேரும் மருந்து இருக்கிறது. இல்லாவிட்டால் அந்த மருந்தால் பயனில்லை. பூஜ்யத்திலிருந்து மூன்று வரை மார்க் போடுவார்கள்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. சதை வந்த உடனே அதை ரொட்டி மாதிரி துண்டு போட வேண்டும். அப்போதுதான் ஃபார்மலின் உள்ளே இறங்கும். முழுசாகப் போட்டால் வெளிப்பக்கம்தான் ஊறும், நடுப்பகுதி கெட்டுப்போகும். கெட்ட இடத்தில் சாயம் சரியாகப் பிடிக்காது. இருக்கிற புரதத்தையே இல்லை என்று காட்டும். வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு முதல் நாள் நான் சொல்லிக்கொடுப்பதே இதுதான்.

அம்மாவுக்கு எங்கள் ஆஸ்பத்திரியிலேயே ஆபரேஷன் நடந்தது வெள்ளிக்கிழமை. நான் லீவு போட்டுத் தியேட்டர் வாசலில் உட்கார்ந்திருந்தேன். லேபில் என்னோடு வேலை பார்க்கும் சோடாபுட்டியிடம் காலையிலேயே போய், "அவளோடது வந்தா யாரும் கை வைக்காதீங்க. நானே வந்து பார்த்துக்கறேன்" என்றேன். வேறு ஒருவர் அதைத் தொடுவது எனக்குப் பொறுக்கவில்லை, அவ்வளவுதான். அவரும் என் பேச்சை மதித்து, சாயங்காலம் வந்த டப்பாவைத் திறக்காமல் அலமாரியில் வைத்துவிட்டுப் போனார்.

சனிக்கிழமை போனேன். கையுறை போட்டேன். டப்பாவை எடுத்தேன். லேபிளில் உன் அம்மாவின் பெயர், வயது. இருபத்தொன்பது வருஷத்தில் எத்தனை ஆயிரம் டப்பா திறந்திருப்பேன்! அன்றைக்கு மூடியைத் திருகக் கை வரவில்லை. கால் மணி நேரம் நின்றேன். அப்படியே திருப்பி வைத்துவிட்டு வார்டுக்கு ஓடிவிட்டேன். திங்கட்கிழமை சோடாபுட்டியைத் துண்டு போடச் சொன்னேன். டப்பாவோடு வரும் சீட்டில் என்றைக்கு, எத்தனை மணிக்கு வெட்டியது என்று ஒரு கட்டம் உண்டு. அதில் நான் வெள்ளிக்கிழமை என்று எழுதினேன். கை நடுங்காமல் எழுதினேன், அதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

பத்து நாள் கழித்து மார்க் வந்தது. பூஜ்யம். அந்த மருந்து உங்களுக்கு இல்லை என்று அம்மாவிடம் சொன்னார்கள். வீட்டுக்கு வரும் வழியில் பஸ்ஸில் என் முழங்காலைத் தட்டி, "விடுங்க, எனக்கு இல்லைன்னா இல்லை. நீங்க ஏன் முகத்தைத் தொங்கப் போட்டுக்கறீங்க?" என்று என்னைத் தேற்றிக்கொண்டு வந்தாள். அவள் என்னைத் தேற்றாமல் இருந்திருந்தால் நான் இன்னும் கொஞ்ச நாள் வாயை மூடிக்கொண்டிருந்திருப்பேனோ என்னவோ. அந்தப் பூஜ்யம் நிஜமாகவும் இருக்கலாம், பொய்யாகவும் இருக்கலாம். பொய்யாக இருந்தால் அவள் உயிருக்கான மருந்தைத் தடுத்தது நான்.

மறுநாள் காலை லேபின் பெரிய டாக்டரம்மா முன்னால் நின்று எல்லாவற்றையும் சொன்னேன். கத்துவார் என்று எதிர்பார்த்தேன். "நீங்க எழுதின நேரத்தை நான் ஒரு தடவைகூடச் சந்தேகப்பட்டதில்லையே" என்று மட்டும் சொன்னார். அதற்கு நாலு அறை விட்டிருக்கலாம்.

நம் வீட்டுக்குப் பக்கத்துக் கிளினிக்கில் முதன்முதலில் ஊசியால் குத்திச் சதை எடுத்தார்களே, அந்த மெழுகுக் கட்டியைக் கேட்டு வாங்கி வரச் சொன்னார். அங்கே புற்றா இல்லையா என்று மட்டும் பார்த்துவிட்டு உள்ளே வைத்திருந்தார்கள். சோடாபுட்டி சீவினார். இந்த முறை மார்க் இரண்டு. இரண்டென்றால் இருக்கு என்றும் சொல்ல முடியாது, இல்லை என்றும் சொல்ல முடியாது. அதனால் மரபணுச் சோதனைக்கு அனுப்பினார்கள். அந்தப் புரதத்தை உண்டாக்கும் மரபணு எத்தனை என்று, இருட்டறையில் மைக்ரோஸ்கோப்பின் கீழ் ஒளிரும் புள்ளிகளை எண்ணுவார்கள். பதினோரு நாள். அந்தப் பதினோரு நாளும் எனக்குச் சோறு இறங்கவில்லை, அதனால்தான் உன்னிடம் சாப்பிட்டாயா என்று கேட்டுக்கொண்டே இருந்தேன் போலிருக்கிறது. புரதம் அதிகம் இருக்கிறது, மருந்து பொருந்தும் என்று முடிவு வந்தது.

எனக்கு மெமோ கொடுத்து, மூன்று மாதம் வெட்டு மேசைப் பக்கம் போகக்கூடாது என்று உத்தரவு. லேபிள் ஒட்டுகிறேன். சொந்தக்காரர்களின் டப்பாவை இனி யாரும் கையாளக்கூடாது என்று சுவரில் எழுதி ஒட்டியாயிற்று. ஆராய்ச்சிப் படிவத்தில் மணி, நிமிஷம் வரை கேட்கிற கட்டங்களைப் பார்த்து முன்பெல்லாம் அலுத்துக்கொள்வேன். இப்போது அலுப்பதில்லை.

அம்மாவுக்கு, முதல் சோதனை சரியாக அமையவில்லை, மறுபடி செய்தோம் என்று மட்டும் தெரியும். ஏன் என்று தெரியாது. "சொல்ல வேண்டியது நீங்க. வியாழக்கிழமைக்குள்ள சொல்லலைன்னா நான் சொல்லிடுவேன்" என்று டாக்டரம்மா கெடு வைத்திருக்கிறார். காபி கொடுக்கும்போது சொல்லலாம் என்று நினைக்கிறேன், டம்ளரைக் கழுவும்போது சொல்லலாம் என்று நினைக்கிறேன். டம்ளர்தான் பளபளவென்று ஆகிறது.

உனக்குக் கோபம் வரும். வரட்டும். ஆனால் கோபத்தில் அம்மாவோடு பேசுவதை மட்டும் குறைத்துவிடாதே. உன் குரல் கேட்ட நாளில்தான் அவள் இரண்டு வாய் கூடுதலாகச் சாப்பிடுகிறாள். நீ நன்றாக இருக்க வேண்டும், மகளே.

உன்னிடம் முகம் காட்டக் கூசும்,
அப்பா.

***

வாலு,

இது அம்மா. சிவப்பு மையைப் பார்த்ததுமே தெரிந்திருக்கும்.

உறையை ஒட்டாமல், என் மூக்குக் கண்ணாடிக்கு அடியில் வைத்துவிட்டு, ஸ்டாம்ப் வாங்கிவருகிறேன் என்று போயிருக்கிறார் உன் அப்பா. ஞாயிற்றுக்கிழமை எந்தத் தபால் ஆபீஸ் திறந்திருக்கிறது?

படித்தேன். முதல் பக்கத்தில் ஆறு பிழை, திருத்தியிருக்கிறேன். கடைசிப் பக்கங்களில் நான் கை வைக்கவில்லை.

கோபம் வந்தது. எழுந்து போய் முகம் கழுவிவிட்டு வந்தேன், இன்னும் போகவில்லை. அந்த மருந்து எனக்கில்லை என்று நினைத்துப் படுத்த ராத்திரிகள் எப்படிப் போயின என்று எனக்குத்தான் தெரியும். வரட்டும், நன்றாகத் திட்டப் போகிறேன். அதில் நீ பங்குக்கு வராதே.

ஆனால் ஒன்று. அந்தச் சனிக்கிழமை வார்டுக்கு வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். லேபிலிருந்து வந்தவர் கையில் நெடியே இல்லை. இத்தனை வருஷத்தில் முதல் தடவை. என்னவோ செய்யப் போய்ச் செய்ய முடியாமல் வந்திருக்கிறார் என்று அப்போதே பட்டது. என்ன என்று இன்றைக்குத்தான் தெரிந்தது.

இது கிடைத்ததும் போன் செய்வாய். என் ஊசியைப் பற்றி அப்புறம் கேட்டுக்கொள். முதலில் அவரிடம், "சாப்பிட்டியாப்பா?" என்று கேள். கேட்டுவிட்டு அவர் பேசும் வரை போனை வைக்காதே.

நீ நன்றாக இரு, கண்ணு. வாசலில் செருப்புச் சத்தம் கேட்கிறது. திட்டிவிட்டுச் சாப்பாடு போட வேண்டும்.

அம்மா.