சிவப்புப் பொட்டும் என் பலகையும்

அன்பு மகளுக்கு, அப்பா நலம், முழங்காலும் இன்று தகராறு செய்யவில்லை. நீயும் மாப்பிள்ளையும் வயிற்றிலிருப்பதும் நலமாயிருக்க வேண்டும். நான் சொல்லச் சொல்ல உன் அண்ணி எழுதுகிறாள், நடுவில் சிரித்தால் எழுத்து கோணும், பொறுத்துக்கொள்.

குழந்தையின் அறைக்கு, சின்ன வயதில் நீ படுத்திருந்த அறையின் வண்ணத்தையே அடிக்க வேண்டும், அது என்ன வண்ணம் என்று கேட்டிருந்தாய். அதை வாயால் சொல்ல முடியுமா? எனக்கு எழுத்து தெரியாது, அதனால் எந்த வீட்டுக்குப் பெயின்ட் கலக்கினாலும் என் பலகையில் ஒரு தீற்று இழுத்துக் காயவிட்டுப் பார்ப்பேன். நாற்பது வருட வீடுகள் அதில்தான் இருக்கின்றன, உன் அறையும். எடுக்கப் போனால் குளியலறைக்குப் பின்னால் பலகையைக் காணோம். அண்ணியைக் கேட்டால், "அது கண்காட்சிக்குப் போயிருக்கு மாமா" என்கிறாள். பலகை எதற்குக் கண்காட்சி பார்க்கப் போகிறது என்று அவளையும் கூட்டிக்கொண்டு கிளம்பினேன்.

உன் அண்ணன் ஓவியரான கதைதான் உனக்குத் தெரியுமே, சுவருக்குப் பெயின்ட் அடித்தால் கழுத்து வலிக்கிறது என்று கேன்வாஸுக்குப் போனவன். கேலரியில் அவன் படங்கள் வரிசையாகத் தொங்க, நடுவில் தனி விளக்குப் போட்டு என் பலகை, கீழே அவன் பெயர். தலைப்பை அண்ணி வாசித்தாள், 'மௌனத்தின் படிவுகள்'. மௌனமாம்! அதில் ஒவ்வொரு தீற்றுக்கும் ஒரு வீட்டுக்காரம்மாவோடு தொண்டை கிழியக் கத்தியிருக்கிறேன். ஒரு தாடிக்காரர் நீலத்தைக் காட்டி, "என்ன ஒரு துக்கம் பாருங்க" என்று உருகினார். பல் டாக்டர் வீட்டுக் கக்கூஸ் ஐயா அது என்றேன், நகர்ந்துவிட்டார். அண்ணன் என்னை ஓரமாக இழுத்துப்போய், "வாயத் திறக்காதீங்கப்பா, ஒரு ஓட்டல் முதலாளி அதைப் பேசி முடிச்சிட்டாரு" என்றான். கேட்காமல் எடுத்துவந்தது போதாதென்று விற்றும்விட்டான்! உன் அறையும் சேர்ந்து போகிறதே என்று கடைசியாக ஒருமுறை பார்க்கப் போனேன். பலகை ஓரத்தில் ஒரு சிவப்புத் துளி. நான் ஆயுசில் ஒரு துளி சிந்தியதில்லை. எவன் தெறித்தான் என்று நகத்தால் சுரண்டினால் ஒட்டுப்பொட்டு, விரலோடு வந்துவிட்டது. உதறினேன், போகவில்லை. பக்கத்தில் தொங்கிய அண்ணன் படத்தின் சட்டத்தில் துடைத்துவிட்டு வந்துவிட்டேன். விலை போன படத்துக்குத்தான் அந்தப் பொட்டு என்று எனக்கு யார் சொன்னார்கள்?

கண்காட்சி முடிந்ததும் ஓட்டல் ஆட்கள் பொட்டைப் பார்த்து அண்ணன் வரைந்த படத்தைக் கட்டி எடுத்துப் போய்விட்டார்கள், பலகை வீடு திரும்பியது. "மானத்த வாங்கிட்டீங்களேப்பா, அவரு போன் பண்ணப் போறாரு" என்று அண்ணன் இரண்டு நாள் சோறு இறங்காமல் கிடந்தான். பத்து நாளாயிற்று, முதலாளி மூச்சே விடவில்லை. வித்தியாசம் தெரிந்தால்தானே. அவன் சொந்தமாக வரைந்ததில் விலை போனது இது ஒன்றுதான், அதற்கும் பொட்டு வைத்தவன் நான். இந்த வரியை எழுத மாட்டேன் என்றாள் அண்ணி, எழுதும்மா என்றேன்.

பலகையைப் பார்த்து உன் அறை வண்ணத்தைக் கலக்கி இந்தத் தாளின் மூலையில் இழுத்திருக்கிறேன். கடைக்காரனிடம் பகல் வெளிச்சத்தில் காட்டு. பெயின்ட் வாசம் அடங்கும்வரை நீ அந்த அறையில் படுக்காதே. மூவரும் நோய்நொடி இல்லாமல் நூறு வயது இருங்கள். மை தேடப் பொறுமையில்லை, அதே வண்ணத்தில் பெருவிரலை வைத்திருக்கிறேன். உன் அண்ணன் பார்த்து இதற்கும் தலைப்பு வைப்பதற்குள் தபாலில் போட வேண்டும்.

உன் அப்பா
(கைநாட்டு)