அக்கட்டால நிற்க மாட்டேனுங்க

ஏனுங்க,

இருபத்தாறு வருடம் இந்த ஒரு சொல்லால்தான் உங்களைக் கூப்பிட்டேன். நீங்கள் போய் இரண்டு வருடமாகிறது. திரும்பிப் பார்க்க ஆள் இல்லையென்று சொல்லை மாற்றிக்கொள்ள முடியுமா? பத்திரிகையில் ஊர்ச் சேதி எழுதியே நரைத்துப்போனவள், இன்று வீட்டுச் சேதி எழுதுகிறேன். ஊரே படிக்கட்டும்.

நம் கீதாவுக்கு ஏழாம் மாதம். ஞாயிற்றுக்கிழமை போத்தனூரில் நம் வீட்டிலேயே வளைகாப்பு நடந்தது. கடையில் வாங்கியது கண்ணாடி வளையலும் பூவும்தான். மற்றதெல்லாம் என் கை வேலை. கலர் பேப்பரை வெட்டிச் சங்கிலியாகக் கோத்தேன். கீதாவின் நாற்காலிக்குப் பின்னால் துணிக்கிளிகள் தொங்கவிட்டேன். வருகிறவர்களுக்குத் தாம்பூலம் வைத்துக் கொடுக்க, உங்கள் சட்டைகளைப் பிரித்து நாற்பது சுருக்குப் பைகள் தைத்தேன். அந்த நீலக் கோடு போட்ட சட்டையை மட்டும் வெட்ட மனம் வரவில்லை. அப்புறம் அதையும் வெட்டினேன்.

பரணில், நீங்கள் மோட்டாருக்குக் காயில் சுருள் சுற்றுகிற செப்புக்கம்பி கொஞ்சம் கிடந்தது. மேல்பூச்சு போக உப்புத்தாளால் தேய்த்து, டம்ளரில் ஏழு சுற்றுச் சுற்றி, முனைகளை முறுக்கி ஒரு வளையல் செய்தேன். நீங்கள் இருந்திருந்தால் சுற்று இறுக்கமில்லை என்று பிரிக்கச் சொல்லியிருப்பீர்கள். முதல் வளையலாக அதைத்தான் போட வேண்டும், நான்தான் போட வேண்டும் என்று நினைத்திருந்தேன்.

அன்னூரிலிருந்து மாப்பிள்ளையின் அம்மா வந்தார்கள். கிளிகளைத் தொட்டுப் பார்த்து, "ஏனுங்க சம்பந்தி, இத்தனையும் நீங்களேவா செஞ்சுபோட்டீங்க!" என்று வியந்தார்கள். நான் சந்தனக் கிண்ணத்தோடு கூடத்துக்கு வந்தபோது முழங்கையைப் பிடித்து நிறுத்தினார்கள். சொன்னதை அப்படியே தருகிறேன். அது என் தொழில்.

"தப்பா நெனச்சுக்காதீங்க. வளையல் போட்டு முடியற வரைக்கும் கொஞ்சம் அக்கட்டால நின்னுக்குங்க."

நம் ஊர்ப் பேச்சு, தள்ளி நிறுத்தும்போதும் 'ங்க' போட்டுத்தான் தள்ளும்.

போனது நீங்கள், ஒதுங்க வேண்டியது நானாம். நான் தைத்த பை ஆகும், நான் செய்த கிளி ஆகும், என் கை ஆகாது. இது எந்த ஊர் நியாயம்? நீங்களாவது சொல்வீர்களா?

"மாட்டேனுங்க," என்றேன். நானும் மரியாதையைக் குறைக்கவில்லை.

"பொறக்கப்போற கொழந்தைக்கு ஒண்ணுன்னா ஆருங்க பதில் சொல்றது?"

"அதைச் சொமக்கறவளப் பெத்ததே நாந்தானுங்க."

கீதா கையை என் பக்கம் நீட்டினாள். அங்கேதான் என் தவறு தெரிந்தது. அவள் கல்யாணத்துக்கு முந்தைய அளவில் வளையலைச் செய்திருக்கிறேன். மாதம் ஏறியதில் கை வீங்கியிருப்பதை யோசிக்கவில்லை. வளையல் விரல் முட்டியைத் தாண்டவில்லை.

"பாத்தீங்களா?" என்றார்கள் சம்பந்தி, மெதுவாக.

என் கண் கலங்கிவிட்டது. கீதாதான் பேசினாள். "பிரிச்சுப்போட்டுக் கையிலயே சுத்துங்கம்மா. அப்பா காயில் சுத்தறாப்புல."

பிரித்தேன். அவள் மணிக்கட்டில் ஒவ்வொரு சுற்றாகச் சுற்றினேன். அளவு சரியாக இருந்திருந்தால் ஒரு நொடியில் முடிந்திருக்கும். இப்போது ஏழு சுற்று. அத்தனை பேரும் வளையலும் கையுமாகக் காத்திருந்தார்கள். பாதியில் வீடியோக்காரர் பொறுமை இழந்து, "அம்மா, உங்க மொகம் கேமராவுல உழுகலீங்க. கொஞ்சம் இக்கட்டால வாங்க!" என்றார். கீதாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. நான் இக்கட்டால வந்தேன். கேசட்டில் இருக்கிறது.

எல்லாம் முடிந்த பிறகு சம்பந்தி வந்து கம்பியைத் தடவிப் பார்த்தார்கள். "கையக் கிழிச்சுப்போடாதுங்களா?"

"முனைய உள்ள மடிச்சுட்டேனுங்க."

சாப்பிட்டார்கள். தாம்பூலப் பையை மட்டும் எடுக்காமல் பஸ் ஏறிவிட்டார்கள். நாற்பதில் அது ஒன்றுதான் மிச்சம். நீலக் கோடு போட்டது.

கீதா பக்கத்தில்தான் உட்கார்ந்திருக்கிறாள். பயமாக இருந்ததா என்று கேட்டேன். "எனக்கென்ன பயம்? உங்களுக்குத்தான் கை நடுங்குச்சு," என்கிறாள். நடுங்கியதா? இருக்கலாம். ஆனால் சுற்று இறுக்கமாக விழுந்திருக்கிறது. நீங்கள்கூடக் குறை சொல்ல முடியாது.

குழந்தை பிறந்ததும் முதலில் என் கையில் வாங்குவேன். பெயர் வைக்கிற அன்று அந்த நீலப் பையை நானே அன்னூருக்குக் கொண்டுபோவேன். சம்பந்தி கை நீட்டி வாங்குகிற வரைக்கும் அவர்கள் கூடத்தின் நடுவில், எல்லோருக்கும் முகம் தெரிகிற மாதிரி, இக்கட்டாலேயே நிற்பேன். உங்கள் மேல் சத்தியமுங்க.

இப்படிக்கு,
உங்கள் கீதாவின் அம்மா,
வரப்போகிற பேரக்குழந்தையின் அம்மாயி