பச்சைப் பிள்ளையார்

4.8.2003, திங்கள்
ஆடிக் காற்று. கீபோர்டு முழுக்கப் புழுதி. நேற்று ஆடிப் பதினெட்டு, கடை லீவு. இன்று கம்ப்யூட்டர் மறுபடியும் அதே கூத்து. எழுத்தெல்லாம் பூசணிக்காய் அளவு, கலர் மொத்தமே பதினாறு. நாலு மூலையிலும் 'சேஃப் மோடு' என்று வேறு. பத்திரமாக இருக்கிறேன் என்று அதுவே சொல்கிறது, நான் என்ன சொல்ல. இரண்டு முறை அணைத்துப் போட்டு, அளவையும் கலரையும் மாற்றி வைக்க முக்கால் மணி நேரம். அப்புறம் சாயங்காலம் வரை சமர்த்து. காலையில் மட்டும் என்ன கேடு?

வாங்க: ஏ4 பேப்பர், லேமினேஷன் கவர், வசந்தாவுக்குத் தலைவலி மாத்திரை.

5.8, செவ்.
குன்னத்துக்காரர் கடை திறந்ததுமே வந்தார். மகளுக்கு ஆவணியில் கல்யாணம். எனக்கு வந்த முதல் முழுக் கலர் பத்திரிகை. சரியாக அந்த நேரம் பார்த்துத் திரை மக்கர்.
"என்னம்மா, புள்ளையாரு பச்சையா இருக்காரு? பாசி புடிச்சாப்புல!"
மானம் போயிற்று. திங்கள் காலை கீழப்பழுவூர் சம்பந்தியோடு வருவாராம். "அன்னைக்கும் இப்புடின்னா திருச்சியிலயே அடிச்சுக்கிறோம்." இது கைவிட்டுப் போனால் இனி யார் என்னிடம் கலர் கேட்பார்கள்? ஆயுசுக்கும் பயோடேட்டாவும் பட்டா மனுவும்தான்.
சாயங்காலம் சி.டி. போட்டு, திரைக்குக் கலர் கொடுக்கிற டிஸ்ப்ளே டிரைவரைத் திரும்ப ஏற்றினேன்.

6.8, புதன்
போட்டதும் சரி! பிள்ளையார் மஞ்சள் மஞ்சளாக. வீட்டுக்காரர்: "நீ இன்ஜினியருதான் போ." கிண்டல்தான், இருந்துவிட்டுப் போகட்டும்.

7.8, வியா.
நாள் முழுக்கக் கரண்ட் இல்லை. வசந்தாவும் நானும் கவர் ஒட்டினோம். என் கொழுந்தன் மனைவி. கடைக்குப் பின்னால்தான் அவள் வீடு, சாவி அவளிடம். ஜெராக்ஸ் அவள் பொறுப்பு. கம்ப்யூட்டரைத் தொடச் சொன்னால் "ஷாக் அடிக்கும்க்கா."

8.8, வெள்.
இன்றும் சரி. கெட்டிக்காரி நான்.

9.8, சனி
பச்சை. திரும்பவும் பச்சை. அழுகையே வந்துவிட்டது. திருச்சி மெக்கானிக்குக்குப் போன்.
"யாரோ பாதியில ஆஃப் பண்றாங்க மேடம். முழுசா வர்றதுக்குள்ள அணைச்சா, அடுத்த தடவ பயந்துகிட்டு இப்புடித்தான் வரும்."
காலையில் நான்தானே முதலில் போடுகிறேன் என்று சண்டைக்குப் போனேன். திரும்பினால் வசந்தா முகம் பேயறைந்தது போல்.
"நாந்தான்க்கா. நல்ல நேரத்துல ஒரு தடவ போட்டுட்டு, மொதல்ல வர்ற மேகப் படம் தெரிஞ்சதும் அணைச்சுருவேன். நல்ல நேரத்துல தொடங்குனதா இருக்கட்டுமேன்னு."
காலண்டரைப் பார்த்தேன். திங்கள் ஆறே கால். செவ்வாய், சனி ஏழே முக்கால். புதனும் வெள்ளியும் ஒன்பதே கால், அதாவது நான் கடை திறக்கிற நேரமே நல்ல நேரம், அவளுக்கு வேலை இல்லை. என் கெட்டிக்காரத்தனம் அவ்வளவுதான்.
கத்திவிட்டேன். "ஒண்ணுந் தெரியாதவ எதுக்குடி கை வைக்கிற?"
"தெனமும் பயந்துகிட்டேதான் போட்டேன். ஒங்களுக்கு ஆர்டர் வரணுமேன்னுதான்க்கா."
எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. மன்னிப்புக் கேட்கத் தெரியவில்லை. டீ வாங்கிக் கொடுத்தேன்.

11.8, திங்கள்
காலை 6.20. நானும் போனேன். வசந்தாவையே போடச் சொன்னேன். மேகம் வந்தது. பழக்கத்தில் அவள் கை சுவிட்சுக்குப் போனது, பிடித்துக்கொண்டேன். "முழுசா வரட்டும்டி." வந்தது. மஞ்சள். இரண்டு பேரும் பைத்தியம் மாதிரி சிரித்தோம். அணைக்கவேயில்லை.

9.40. குன்னத்துக்காரர், சம்பந்தி, கல்யாணப் பெண். பெண்ணுக்குப் பிள்ளையாரைப் பிடித்துவிட்டது. சம்பந்தி மட்டும் சுவர்க் காலண்டரைப் பார்த்தார். "இன்னிக்கு நல்ல நேரம் முடிஞ்சு போச்சே. இன்னொரு நாள் வந்து சொல்றமே?"
ஜெராக்ஸ் மிஷின் பக்கமிருந்து வசந்தா:
"ஆறு இருவதுக்கே தொடங்கியாச்சுங்க. இன்னும் அணைக்கல."
சம்பந்தி திரையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். "அப்ப அடிச்சுருங்கம்மா."